உப்பு நீர் வரும் வீட்டில் மாடித் தோட்டம்: எதிலிருந்து தொடங்குவது?

செங்காந்தள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மேடவாக்கத்தை ஒட்டிய பகுதியில், ஏறத்தாழ 600 சதுர அடி மொட்டை மாடியுள்ள சொந்த வீட்டில் வசிக்கிறோம். அன்றாடச் சமையலுக்கு வேண்டிய கீரையையும் காய்கறிகளில் சிலவற்றையுமாவது மாடியிலேயே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் எண்ணம். வீட்டில் நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் இருக்கிறோம். மாமியார் ஊரில் கொல்லைத் தோட்டம் வைத்துப் பழகியவர் என்றாலும், பையிலும் தொட்டியிலும் செடி வளர்ப்பது அவருக்கும் புதிதுதான்.

விவரம் கேட்கச் சென்ற கடையில், எடுத்த எடுப்பிலேயே 40 பைகளும், முருங்கைக்கும் வாழைக்கும் 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் நான்கும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வீடு கட்டிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. மாடியில் தட்டோடு பதித்திருக்கிறோம், இதுவரை ஒழுகியதில்லை. இவ்வளவு சுமையையும் ஈரத்தையும் தளம் தாங்குமா என்பது முதல் ஐயம்.

இரண்டாவது ஐயம் தண்ணீரைப் பற்றியது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகட்டி பழுதுபார்க்க வந்தவர் அளந்து பார்த்துவிட்டு, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1,400 காட்டுகிறது என்றார். சமையலுக்கு வாங்கும் லாரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கட்டுப்படியாகாது. உப்பு நீரிலேயே காய்கறி வருமா?

மூன்றாவதாக, ஆனி முடியப் போகிறது, ஆடியில் எல்லா விதையையும் போட்டுவிட வேண்டும் என்று மாமியார் அவசரப்படுத்துகிறார். அவர் சொல்வது மாடித் தோட்டத்துக்கும் பொருந்துமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

மாடிவாசி (பதில்)

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் இரண்டாவதாகக் கேட்ட கேள்வியைத்தான் முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டும் என்பேன். தென்சென்னைப் புறநகரில் மாடித் தோட்டம் வைத்துக் கைவிட்டவர்களிடம் கேட்டால் விதை சரியில்லை, பூச்சி அடித்துவிட்டது, வெயில் தாங்கவில்லை என்றெல்லாம் சொல்வார்கள். அவற்றில் பலவற்றுக்கு உண்மையான காரணம் பைக்குள் சேர்ந்துபோன உப்பு.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் நீரில் லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயில் காலத்தில் காய்க்கும் நிலையிலுள்ள ஒரு கத்தரிச் செடிக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் ஊற்றுவதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு 2.8 கிராம், மாதத்துக்கு 84 கிராம் உப்பு அந்தப் பைக்குள் இறங்குகிறது. செடி நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் மிகச் சிறு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் வேரைச் சுற்றியே தங்கிவிடும். நிலத்தில் என்றால் மழை அதை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். 20 லிட்டர் கொள்ளும் பையில் அது போக வேறு இடம் கிடையாது. இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுவதும், மண்ணின் மேற்பரப்பிலும் பையின் வெளிப்புறத்திலும் வெள்ளையாகப் பூத்து நிற்பதும் இதன் அடையாளங்கள். இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து அதே நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தெளிப்பவர்கள் நிலைமையை மேலும் மோசமாக்கிவிடுகிறார்கள்.

ஆயினும் 1,400 என்பது கைவிட வேண்டிய நீர் அல்ல. பாசன நீருக்கு ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வகுத்துள்ள அளவுகோலில் 450 வரை தடையில்லை. 450 முதல் 2,000 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம். அதற்கு மேல்தான் கடுமையான கட்டுப்பாடு. நீங்கள் நடுப்பகுதியில் இருக்கிறீர்கள். இங்கே கவனம் என்பது, ஊற்றும்போது பையின் அடித்துளைகள் வழியாக ஒரு பங்கு நீர் வெளியேறும் அளவுக்கு நன்றாக ஊற்றுவதும், பிறகு மேல்மண் காயும் வரை பொறுத்திருப்பதும்தான். பைக்கு அடியில் தட்டு வைத்து, வடிந்த நீரைச் செடியே மறுபடி உறிஞ்சட்டும் என்று விடாதீர்கள். வெளியேறிய உப்பு முழுவதும் திரும்பி வந்துவிடும், கொசுவும் முட்டையிடும்.

அடுத்தது, பைகளில் மண்ணோடு கலக்கும் தென்னை நார்க்கழிவு. கோகோபீட் கட்டி என்று கடையில் விற்கும் 5 கிலோ கட்டியிலும் உப்பு இருக்கலாம். குறைந்த விலைக் கட்டிகளில் சோடியமும் பொட்டாசியமும் கழுவப்படாமலே வருவதுண்டு. கட்டியைப் பெரிய தொட்டியில் ஊறப்போட்டால் தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். அதை வடித்துவிட்டுப் புதுநீர் விட்டு அலசிப் பிழிய வேண்டும். எத்தனை முறை என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; நிறம் போன பிறகும் உப்பு இருக்கும். வடிகட்டி பழுதுபார்ப்பவர் வைத்திருந்த அதே பேனா வடிவ மானி குறைந்த விலைக்கே கிடைக்கும். ஒன்று வாங்கி, உள்ளே விட்ட நீரையும் பிழிந்த நீரையும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் நெருங்கி வரும் வரை அலசினால் போதும்.

வடிகட்டி வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு விடலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். கரைந்த உப்பைத் திரட்டி வெளியேற்றுவதே அந்தக் கருவியின் வேலை என்பதால், அந்த நீர் உங்கள் கிணற்று நீரை விடவும் கெட்டது; அது தரை கழுவத்தான் உதவும். அதற்கு நேர்மாறாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. சென்னையின் ஈரக் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரை தேறும். வாளி வைத்துப் பிடித்து, நாற்றுகளுக்கும் கீரைக்கும் அதை ஒதுக்கிவிடுங்கள்.

---

கட்டடக்காரன் (பதில்)

நான் கட்டடப் பொறியியல் துறையில் இருப்பவன். வீட்டைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்றாலும், பொதுவான கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

மக்கள் நடமாடும் தட்டையான மாடித் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள பையை வெறும் செம்மண்ணால் நிரப்பி நீர் ஊற்றினால் அது 35 கிலோவைத் தொட்டுவிடும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, நார்க்கழிவு இரண்டு பங்கு என்று கலந்தால் 20 கிலோவை ஒட்டி நிற்கும். சதுர மீட்டருக்கு நான்கு பைகள் என்று இடைவெளி விட்டு வைத்தால் கலவைப் பைகளின் சுமை வரம்புக்குள் அடங்கி, நீங்கள் நடந்து திரியவும் இடம் இருக்கும். 200 லிட்டர் பீப்பாயின் கதை வேறு. ஈர மண்ணோடு அது 350 கிலோ வரை போகும்; அது உட்காரும் இடமோ சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை அறையின் நடுப்பகுதிக்கு மேலே வைக்கவே கூடாது. வைத்தே ஆக வேண்டும் என்றால், கீழே சுவரோ உத்திரமோ செல்லும் இடம் பார்த்து, மண்ணையும் பாதியாகக் குறைத்து வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் ஆண்டில் வாழையையும் முருங்கையையும் மறந்துவிடுங்கள் என்பேன். காற்று வீசும் மாடியில் முருங்கைக் கிளை ஒடிந்து அடுத்த வீட்டுக் காரின் மேல் விழுந்தால், அது தோட்டக்கலைப் பிரச்சினையாக நின்றுவிடாது.

ஒழுக்கைப் பொறுத்தவரை, தளத்தைக் கெடுப்பது செடியல்ல, செடியின் கீழே நாள்கணக்கில் தேங்கி நிற்கும் ஈரம். பைகளை நேரடியாகத் தட்டோட்டின் மேல் வைக்காமல், இரும்புத் தாங்கியிலோ, இரண்டு செங்கல்லின் மேலோ, கீழே காற்றும் துடைப்பமும் நுழையும்படி உயர்த்தி வையுங்கள். தட்டோடுகளுக்கு இடையிலான பூச்சு எங்கேனும் விரிந்திருந்தால், பைகளை ஏற்றும் முன்பே அடைத்துவிடுங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் வலை பொருத்தாவிட்டால், ஐப்பசி மழையில் நார்க்கழிவு அடித்துக்கொண்டு போய் அதை அடைத்துவிடும். அப்போது மாடியில் நிற்கும் நீரின் எடையோடு ஒப்பிட்டால் பைகளின் எடை ஒன்றுமே இல்லை.

---

கொல்லைப்புறம் (பதில்)

மேலே எழுதிய இருவரின் கருத்தோடும் உடன்படுகிறேன். பட்டத்தை, அதாவது விதைக்கும் காலத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது மழையை நம்பிய மானாவாரி நிலத்துக்கும், ஆடிக் காற்றுக்குப் பின் வரும் மழைக்கும் கணக்கிட்டுச் சொன்னது. உங்கள் மாமியார் சொல்வது அவரை விஷயத்தில் முற்றிலும் சரி. பந்தலில் படரும் அவரை, பகல் பொழுது குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசிக்குள் நன்றாகப் படர்ந்து, மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் விதைத்தால் கொடி மட்டும் வீடு முழுவதும் போகும், காய் இராது. குத்துச்செடி அவரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கத்தரி, மிளகாய் நாற்றுகளையும் ஆடியில் விடலாம். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் இது ஏற்ற காலமே.

தக்காளியில்தான் நான் வேறுபடுகிறேன். ஆடியில் நாற்றுவிட்ட தக்காளி புரட்டாசி, ஐப்பசியில் பூத்துக் காய்க்கத் தொடங்கும்போது சென்னையில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். பூ உதிர்வதும், காய் வெடிப்பதும், இலை கருகுவதும் அந்த மழையில் சாதாரணம். கோடைத் தக்காளியும் பயன் தராது. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி இரவும் புழுங்கும்போது பூக்கள் காயாகாமலே கொட்டிவிடும். ஐப்பசியில் நாற்றுவிட்டு, மழை ஓயும் கார்த்திகைக் கடைசியில் பைக்கு மாற்றினால், தை முதல் பங்குனி வரை ரசத்துக்குக் கடைத் தக்காளி வேண்டியதில்லை. நாட்டுத் தக்காளியோ, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகமோ கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை அடுத்த முறை தாயைப் போலவே வராது. முள்ளங்கி, பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவையும் கார்த்திகைக்குக் காத்திருக்கலாம்.

உங்கள் நீருக்கு எந்தச் செடி பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்பைச் சற்றும் பொறுக்காதது பீன்ஸ். அதைத் தொடவே வேண்டாம். கத்தரியும் மிளகாயும் வெண்டையும் முகம் சுளிக்கும், ஆனால் மாடிவாசி சொன்ன முறையில் நீர் விட்டால் காய்க்கும். காராமணியும் பீட்ரூட்டும் நன்றாகத் தாங்கும்; கொத்தவரையோ உப்புக்கு அசராது. எனவே ஆடியில் நான்கு பைகளில் கொத்தவரை, இரண்டில் காராமணி, இரண்டில் கத்தரி, ஒன்றில் மிளகாய், பந்தல் போட வசதியுள்ள மூலையில் அவரை என்று தொடங்குங்கள். இவற்றோடு, ஆழம் குறைந்த அகலமான நான்கு பைகளைக் கீரைக்கென்று ஒதுக்குங்கள்.

உண்மையில் மாடித் தோட்டத்தின் பலன் கீரையில்தான் இருக்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்குப் பத்துப் பையில் கத்தரிக்காய் வாங்காமல் காலம் தள்ள முடியாது. ஆனால் வாரம் ஒரு பையாக முறைவைத்து விதைத்தால் கீரைக்காரரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சிறுகீரையும் முளைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் பிடுங்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல், அடித்தண்டில் விரல் உயரம் விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து முற்றிய தண்டுகளை ஒடித்து நட்டால் போதும். கீரை விதை கடுகினும் சிறியது என்பதால் நான்கு பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய படலமாக எருவை இட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். முளைப்பதற்குள் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். பையைச் சுற்றி மஞ்சள் தூள் தூவுவது எங்கள் வீட்டு வழக்கம்.

40 பை என்று கடைக்காரர் சொன்னதை, அடுத்த ஆண்டு அவர் உங்களுக்குச் செய்யப்போகும் விற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தளை (பொருள் தொகுப்பு) இப்போது கிடைக்கிறதா என்று துறையின் இணையதளத்தில் பாருங்கள். பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள் எல்லாம் அதில் ஒன்றாகவே வரும்.

---

செங்காந்தள்

மூவருக்கும் மிக்க நன்றி. பீப்பாய் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். ஆடி அவரை சரி என்று எழுதியதை வாசித்துக் காட்டியபோது மாமியாருக்கு மகிழ்ச்சி. தக்காளி பற்றிய பகுதியை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. நார்க்கழிவை அலசுவதற்கும் எங்களிடம் அதே உப்பு நீர்தானே இருக்கிறது, அதில் அலசிப் பயன் உண்டா? மேலும், அவரைப் பந்தலிலேயே சுரையும் பீர்க்கும் ஏற்றலாம் என்று மாமியார் சொல்கிறார். எதிர் வீட்டு மாடியில் சுரைக்கொடி பூத்துக் குலுங்குகிறது, ஆனால் பிஞ்சுகள் எல்லாம் மஞ்சளாகி அழுகி விழுவதைப் பார்க்கிறோம். அதற்கும் உப்புதான் காரணமா?

---

மாடிவாசி

பயன் உண்டு, ஆனால் எல்லை உண்டு. கழுவப்படாத கட்டியிலிருந்து இறங்கும் சாறு உங்கள் கிணற்று நீரை விடப் பல மடங்கு உப்பாக இருக்கக்கூடும். அதைக் கிணற்று நீரால் வெளியேற்றிவிடலாம். கிணற்று நீரின் அளவுக்குக் கீழே மட்டும் அதனால் கொண்டுபோக முடியாது. கடைசி அலசலுக்கு மழைநீரையோ ஏ.சி. நீரையோ பயன்படுத்துங்கள்.

மழைநீரைப் பிடிப்பது உங்களுக்கு எளிது. 600 சதுர அடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீராகும் என்பதால், மாலையில் அடிக்கும் ஒரு 20 மி.மீ. வெப்பச்சலன மழையே உங்கள் மாடியில் 1,100 லிட்டர் தரும். ஆடி, ஆவணியில் சென்னைக்கு இத்தகைய மழை சில தடவையாவது வரும். தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் குழாய் கீழே இறங்கியிருக்கும். அதில் ஒரு கிளை வைத்து, மூடியுள்ள 500 லிட்டர் தொட்டி ஒன்றைத் தரைத்தளத்தில் வைத்தால் போதும். முதல் பத்து நிமிட மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பைகளை மூடி வைக்காதீர்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பை அந்த மழைதான் கழுவித் தரும். உப்போடு சத்தும் போய்விடும் என்பதால், மழை ஓய்ந்ததும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் இட்டுக் கிளறிவிடுங்கள்.

---

பந்தல் (பதில்)

சுரைப் பிஞ்சு அழுகுவதற்கு உப்பைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. நகரத்து மாடிகளில் பெரும்பாலும் அது மகரந்தம் சேராததால் நேர்வது. சுரையிலும் பீர்க்கிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் காம்புக்கு அருகில் விரல் நுனி அளவில் ஒரு குட்டிப் பிஞ்சு பூவோடு சேர்ந்தே இருக்கும். ஆண் பூ வெறும் நீண்ட காம்பின் மேல் நிற்கும். தொடக்கத்தில் ஆண் பூக்களாகவே வரும். அதைப் பார்த்துக் கொடி மலடு என்று பிடுங்கிவிட வேண்டாம்.

பலர் தவறவிடுவது நேரத்தை. பூசணியும் பாகலும் விடியலில் விரியும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் சாயங்காலத்தில்தான் விரியும். சுரையின் வெள்ளைப் பூவை அந்துப்பூச்சிகள் தேடி வரும். விளக்கும் கான்கிரீட்டுமாக இருக்கும் இடங்களில் அவை குறைவு. ஆகவே மாலை ஆறு மணிக்கு மேல், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். விரலில் மஞ்சள் ஒட்டினால் மகரந்தம் பக்குவமாக இருக்கிறது என்று பொருள். சேர்ந்த பிஞ்சு சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி பருக்கத் தொடங்கும். சேராதது நுனியிலிருந்து மஞ்சளாகும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பிறகு அவர்கள் விடமாட்டார்கள்.

ஆனால் ஒரே பந்தலில் அவரையையும் சுரையையும் ஏற்றாதீர்கள்; சுரையின் இலை அவரைக்கு வெயிலே விடாது. சுரைக்கு 20 லிட்டர் பை போதாது, 40 லிட்டராவது வேண்டும். முதல் பருவத்தில் பீர்க்கை மட்டும் தனிக் கயிற்றில் ஏற்றுங்கள்.

பூச்சியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தரியில் நுனித் தண்டு மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு துளைத்திருக்கிறது; வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிடுங்கள். வெண்டை இலையில் நரம்புகள் மஞ்சள் வலை போல ஓடினால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். மருந்து கிடையாது, அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். தண்டில் எறும்பு வரிசை ஏறுவதைக் கண்டால் மாவுப்பூச்சி எங்கோ இருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

---

செங்காந்தள்

எதிர் வீட்டு அம்மாவிடம் சொன்னேன். இன்று மாலை ஆறு மணிக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கூடுகிறார்கள். மானி வாங்கிவிட்டோம். நார்க்கழிவுக் கட்டி ஒன்றின் முதல் சாறு 4,600 காட்டியது, மூன்றாம் அலசலில் 1,700க்கு வந்திருக்கிறது. ஆடி பிறந்ததும் கொத்தவரையும் அவரையும் ஊன்றுகிறோம். தக்காளியை மட்டும் மாமியார் ஒரே ஒரு பையில் இப்போதே விடுவதாக இருக்கிறார். மற்ற பைகளின் தக்காளி ஐப்பசிக்குத்தான்.

---

கொல்லைப்புறம்

அந்த ஒரு பையை, மழை நேரடியாக விழாமல் வெயில் மட்டும் படும்படி படிக்கட்டு அறையின் சுவரோரமாக வைக்கச் சொல்லுங்கள். அங்கே வைத்தால் அவர் சொல்வது பலித்தாலும் பலிக்கும்.